லண்டன் ஸ்கூல்ல ஆர்.ஈ. (மதக் கல்வி) கிளாஸ் எப்படி இருக்கு: சிட்டியும் சபர்பும் பார்த்த ஒரு அம்மாவோட ரிவ்யூ

மிக்ஸிக்கும் பிரியாணிக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதறோம், புள்ளைங்க வாராவாரம் உக்காந்து கேட்கற ஒரு கிளாஸுக்கு எழுதினா என்னன்னு தோணுச்சு. இங்க இங்கிலாந்துக்கு புதுசா வர்ற நம்ம ஆளுங்க வாட்ஸ்ஆப் குரூப்ல வாடகை, பஸ்ஸு எல்லாம் கேட்டு முடிச்சதும் கண்டிப்பா ஒருத்தராவது கேட்டுடறாங்க, "ஆர்.ஈ.ன்னு ஒரு பீரியட் இருக்காமே, பைபிள் சொல்லிக்குடுத்து மாத்திடுவாங்களா?"ன்னு. எங்க அத்தை (மாமியார்) மதுரைல இருந்து வீடியோ கால்ல இதையே தான் கேட்டாங்க, கூடவே "காலைல திருநீறு வெச்சு அனுப்பறியா இல்லையா"ன்னு ஒரு சப்-கொஸ்டின்.

எங்க கதை என்னன்னா, பெரியவன் ரிசப்ஷன்ல (இங்க ஸ்கூலோட முதல் வருஷம்) இருந்து படிச்சது ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு சாதாரண கவுன்சில் பிரைமரி, சின்னவளும் அங்க தான் ஆரம்பிச்சா, அப்புறம் வீடு வாங்கறோம் தோட்டம் வேணும்னு லண்டனோட தென்கிழக்கு ஓரத்துக்கு, கென்ட்டை ஒட்டின ஏரியாவுக்கு மாறி வந்துட்டோம், அதனால சிட்டி ஸ்கூல் சபர்ப் ஸ்கூல் ரெண்டுலயும் இந்த பாடம் எப்படி ஓடுதுன்னு பார்த்தாச்சு. மார்க்கை முதல்லயே சொல்லிடறேன், சிட்டிக்கு 5க்கு 4.5, சபர்புக்கு 3. குறைச்சதுக்கு காரணம் பைபிள் இல்ல, பொறுமையா படிங்க.

அந்த பயத்தை முதல்ல முடிச்சிடலாம். ஆர்.ஈ.ன்னா ரிலிஜியஸ் எஜுகேஷன். 1944 சட்டத்துல இருந்தே அரசாங்க ஸ்கூல்ல இது கட்டாயம், அப்போ கிட்டத்தட்ட பைபிள் கிளாஸ் தான். 1988ல சட்டத்தை மாத்தினாங்க, இந்த நாட்டோட மத மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம்ங்கறதை பாடம் காட்டணும், ஆனா இங்க இருக்கற மத்த முக்கிய மதங்களோட போதனை வழக்கம் எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கணும்னு. சர்ச் நடத்தாத சாதா ஸ்கூல்ல ஒரு குறிப்பிட்ட சபையோட ஞானோபதேசத்தை சொல்லிக்குடுக்கவே கூடாதுன்னும் ரூல் இருக்கு. அதாவது "கிறிஸ்தவங்க இதை நம்பறாங்க"ன்னு சொல்லலாம், "நீ நம்பு"ன்னு சொல்லக்கூடாது, வித்தியாசம் அவ்ளோ தான், ஆனா அது பெரிய வித்தியாசம். இதுல நம்ம ஆளுங்க குழப்பிக்கறது அசெம்பிளியை. தினமும் ஒரு கூட்டு வழிபாடு இருக்கணும், அது பெரும்பாலும் கிறிஸ்தவ தன்மையோட இருக்கணும்னு சட்டத்துல தனியா ஒண்ணு இருக்கு, அது வேற இது வேற, அதுவும் நான் பார்த்த ரெண்டு ஸ்கூல்லயும் ஒரு பாட்டு, அன்பா இருங்கன்னு ஒரு கதை, பர்த்டே பேபிக்கு கைதட்டல், அதோட முடிஞ்சுது.

நமக்கு இது புதுசா தெரியறதுக்கு காரணம் இருக்கு. நம்ம ஊர்ல முழுக்க அரசாங்க காசுல நடக்கற ஸ்கூல்ல மத போதனையே கூடாதுன்னு அரசியலமைப்போட 28வது பிரிவு சொல்லுது, நான் படிச்ச எய்டட் ஸ்கூல்ல கிறிஸ்தவ புள்ளைங்க ஒரு ரூமுக்கு வேதபாடத்துக்கு போவாங்க, மீதி பேருக்கு மாரல் சயின்ஸ், அந்த மாரல் சயின்ஸையும் போர்ஷன் முடியலன்னு கணக்கு டீச்சர் வாங்கிக்குவாங்க. அடுத்தவங்க மதத்தை ஒரு பாடமா உக்காந்து படிக்கறதுங்கறது நம்மள்ல நிறைய பேருக்கு பழக்கமே இல்ல.

இப்போ ஈஸ்ட் ஹாம் கிளாஸ். அங்க பாதி பாடத்தை பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளையே நடத்திடும். பங்களாதேஷ் வீடு, பஞ்சாபி வீடு, சிலோன் தமிழ் வீடு, போலந்து வீடு, நைஜீரியால இருந்து வந்து பெந்தகோஸ்தே சர்ச் போற வீடு, எல்லாம் ஒரே டேபிள்ல. ரமலான் பாடம்னா டீச்சர் ரெண்டு வரி சொல்லிட்டு ஒதுங்கிடுவாங்க, ஒரு பொண்ணு எந்திரிச்சு நான் இந்த வருஷம் பாதி நாள் நோன்பு வெச்சேன்னு சொல்லும், தண்ணி கூட குடிக்க மாட்டியான்னு மத்தது எல்லாம் கேட்கும், அவ ஒண்ணு சொல்ல இன்னொரு பையன் எங்க வீட்ல அப்படி இல்லையேம்பான். அந்த டீச்சர்கிட்ட எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், "முஸ்லிம்கள் இப்படி செய்வாங்க"ன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டாங்க, "சில முஸ்லிம் குடும்பங்கள்ல இப்படி செய்வாங்க"ன்னு தான் சொல்வாங்க. அந்த "சில"வை என் பையன் இன்னிக்கு வரைக்கும் விடல, வீட்ல நான் "இந்தியர்கள் எல்லாரும்"னு ஆரம்பிச்சாலே "சில இந்தியர்கள்"னு திருத்தறான், கடுப்பா இருக்கு ஆனா சரி தானே.

டிரிப்பும் அங்க ஈஸி, பஸ் புக் பண்ற வேலையே இல்ல, மசூதி, குருத்வாரா (சீக்கியர் கோவில்), சர்ச், கோவில் எல்லாம் நடந்து போற தூரம். ஹை ஸ்ட்ரீட் நார்த்ல இருக்கற மகாலட்சுமி கோவிலுக்கு கிளாஸோட போனப்போ நான் பேரண்ட் ஹெல்பரா கூட போனேன். பளபளன்னு மஞ்ச ஜாக்கெட் போட்டு ரெண்டு ரெண்டு பேரா கைகோத்து, ஷூவை கழட்டி அடுக்கி வெச்சுட்டு உள்ள போனா புள்ளைங்க முதல்ல பார்த்தது சாமியை இல்ல, மணியை, அடிக்கலாமா அடிக்கலாமான்னு ஒரே நச்சு. டீச்சர் என்கிட்ட மெதுவா வந்து பிரசாதத்துல முந்திரி இருக்குமா, ரெண்டு பேருக்கு நட் அலர்ஜின்னு கேட்டாங்க, இதெல்லாம் நம்ம யோசிக்கவே மாட்டோம், கடைசில ஆளுக்கு ஒரு வாழைப்பழத்தோட முடிச்சுக்கிட்டோம். நவக்கிரகம்கிட்ட வந்ததும் என் பையன் பெரிய கைடு மாதிரி, இவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்க மாட்டாங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு திசையை பார்ப்பாங்கன்னு சொன்னான், உடனே ஒரு பையன் "ஏன், சண்டையா?"ன்னு கேட்டான் பாருங்க, எங்களுக்கு யாருக்கும் பதில் தெரியல. இந்த மாதிரி கேள்வி எல்லாம் ஒர்க்‌ஷீட்ல வரவே வராது.

அதுக்கு அடுத்த டெர்ம் குருத்வாரா. எல்லாரும் தலைல துணி கட்டி தரைல உக்காந்து லங்கர் (அங்க எல்லாருக்கும் போடற இலவச சாப்பாடு) சாப்பிட்டாங்க. பருப்பும் ரொட்டியும் வீட்ல குடுத்தா தொடாத என் பையன் அங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்கி சாப்பிட்டானாம்.

அரை மார்க் ஏன் குறைச்சேன்னா, அங்க வேகம் ரொம்ப அதிகம், ஒரு டெர்ம்ல ஒரு மதம்னு ஓட்டிடறாங்க, புத்த மதத்தை ரெண்டு கிளாஸ்ல முடிச்சு கையை கழுவிட்டாங்க.

சபர்புக்கு வந்தோம். ஸ்கூல் அழகு, கிரவுண்டு பெருசு, நோட்டெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, ஆர்.ஈ.க்கு தனி நோட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் மேல இன்னிக்கு நாம என்ன கத்துக்கறோம்னு பிரிண்ட் பண்ணி ஒட்டின ஸ்லிப். ஆனா முதல் டெர்ம்லயே ஒரு சிக்கல். ஆர்.ஈ. நேஷனல் கரிக்குலத்துலயே (நாடு முழுக்க பொதுவான பாடத்திட்டம்) கிடையாது, கட்டாயப் பாடம் ஆனா நேஷனல் கரிக்குலம் இல்ல, வேடிக்கை தான். ஒவ்வொரு கவுன்சிலும் ஒரு கமிட்டி போட்டு, அதுல சர்ச் ஆஃப் இங்கிலாந்து, மத்த மதக்காரங்க, டீச்சர்ங்க, கவுன்சிலர்ங்க எல்லாரும் உக்காந்து அந்த ஏரியாவுக்குன்னு ஒரு சிலபஸ் போடுவாங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அதை திருப்பி பார்க்கணும். அகாடமின்னு போர்டு போட்ட ஸ்கூல்னா (அரசாங்க காசு தான், ஆனா கவுன்சில் கட்டுப்பாட்டுல இல்ல) அவங்களே தனியா ஒண்ணு வெச்சுக்கலாம். அதனால வீடு மாறினா சிலபஸும் மாறும், சின்னவ அங்க படிச்ச சீக்கியர்களோட மத அடையாளங்களான அஞ்சு க-வை (கேஷ், கங்கா, கடா, கச்சேரா, கிர்பான்) இங்க வந்து திரும்ப முதல்ல இருந்து படிச்சா, யூத மதம் அங்க அடுத்த வருஷம் இங்க போன வருஷம், ஆகமொத்தம் அவளுக்கு அது கிடைக்கவே இல்ல. 2025ல வந்த கரிக்குலம் ரிவ்யூல ஆர்.ஈ.யை நேஷனல் கரிக்குலத்துக்குள்ள கொண்டு வரணும்னு சிபாரிசு பண்ணியிருக்காங்க, வந்தா இந்த தொல்லை குறையும்.

அதை விட பெரிய குறை, யார் எடுக்கறாங்கங்கறது. இங்க பிரைமரி டீச்சருக்கு பாடம் தயார் பண்ண, நோட்டு திருத்தன்னு வாரத்துல கொஞ்ச நேரம் கிளாஸ் இல்லாம குடுக்கணும், பி.பி.ஏ. டைம்னு சொல்வாங்க. அந்த நேரத்துல கிளாஸை யார்கிட்டயாவது விடணும்ல, எதை விடுவாங்க, கணக்கையா விடுவாங்க, ஆர்.ஈ.யை தான் விடுவாங்க. எங்க ஸ்கூல்ல டீச்சிங் அசிஸ்டென்ட் ஒரு அம்மா எடுத்தாங்க, தங்கமான மனுஷி, முழங்கால் சிராய்ச்சுக்கிட்டு வர்ற புள்ளைக்கு பிளாஸ்டர் போடறதுல இருந்து எல்லா வேலையும் அவங்க தலைல தான், அதுக்கு நடுவுல ஆறு மதத்தையும் அவங்களே சொல்லிக்குடுன்னா எப்படி, கையில குடுத்த ஸ்லைடை வாசிப்பாங்க, ஒர்க்‌ஷீட் குடுப்பாங்க, அவ்ளோ தான் அவங்களால முடியும்.

அந்த ஒர்க்‌ஷீட் ஒண்ணு என்கிட்ட இன்னும் இருக்கு. பூஜை தட்டு படம், ஆறு அம்பு குறி, ஆறு கட்டம், பேரை எழுதணும்: மணி, விளக்கு, ஊதுபத்தி ஸ்டாண்ட், குங்கும கிண்ணம், தண்ணி பாத்திரம், ஸ்பூன். இங்க பாதி பிரைமரி ஸ்கூல்ல இந்த தட்டு தான் இந்து மதம். சின்னவ அதுல ஸ்பூனை உத்தரணின்னும் தண்ணி பாத்திரத்தை பஞ்சபாத்திரம்னும் எழுதி, பக்கத்துல கற்பூரம் எங்கன்னு ஒரு கேள்விக்குறியும் போட்டு குடுத்திருக்கா (பாட்டி டிரெய்னிங்), டிக் மட்டும் விழுந்திருக்கு, ஒரு வார்த்தை கூட யாரும் கேட்கல. ஈஸ்ட் ஹாம்ல இருந்திருந்தா அந்த கேள்விக்குறிலயே பாதி பீரியட் போயிருக்கும்.

தீபாவளிக்கும் இதே கதை. ஸ்லைடுல ராமர் சீதையோட அயோத்திக்கு திரும்பறார், ஊரே விளக்கு ஏத்துது, களிமண்ல அகல் செய்யுங்க, முடிஞ்சுது. இவ கையை தூக்கி எங்க வீட்ல விடியக்காலைல எண்ணெய் தேச்சு குளிப்போம், கிருஷ்ணர் நரகாசுரனை கொன்ன நாள்னு சொல்லியிருக்கா. "ரொம்ப அழகா இருக்கு, ஆனா ஷீட்ல ராமர் கதையை எழுதிடு"ன்னு பதில் வந்திருக்கு. தப்பா நினைச்சு சொல்லல, அவங்க கைல இருந்த ஆன்சர் கீ அப்படி. ஆனா பாருங்க, சில முஸ்லிம் குடும்பங்கள்ல, சில கிறிஸ்தவ சபைகள்லன்னு சொல்ற அந்த "சில" இந்த கிளாஸ்ல காணாம போயிடுச்சு. முருகன்னு ஒருத்தர் இருக்காருன்னே அந்த நோட்டுல ஒரு தடயம் இல்ல, லண்டன்ல ஹைகேட்ல மலை மேலயும் மேனர் பார்க்ல ராஜகோபுரத்தோடயும் அவருக்கு கோவில் இருக்கு, ஸ்லைடு போட்டவங்களுக்கு தெரியல. எனக்கு கோபம் என்னன்னா நம்ம சாமி வரலன்னு இல்ல, ஒரு மதத்துக்குள்ள நூறு மாதிரி இருக்கும்ங்கறது தானே இந்த பாடத்தோட உயிரே.

சபர்ப் கிளாஸுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். அங்க நிறைய புள்ளைங்க வீட்ல எந்த மதமும் கிடையாது, "நாங்க ஒண்ணும் இல்ல"ன்னு சாதாரணமா சொல்லுதுங்க. 2021 சென்சஸ்ல இங்கிலாந்து வேல்ஸ் சேர்த்து கிறிஸ்தவர்னு போட்டவங்க 46.2 சதவீதம், மதம் இல்லன்னு போட்டவங்க 37.2, இந்துக்கள் நாம வெறும் 1.7. அப்போ அந்த புள்ளைங்களுக்கு பிரார்த்தனைன்னா என்னன்னே முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்கு, அதுல மனிதநேயவாதம்னு கடவுள் இல்லாம நல்லவனா வாழறதை பத்தியும் ஒரு பாடம் வெச்சிருந்தாங்க, அது நல்லாவே எடுத்தாங்க. என் பொண்ணு வந்து "அப்பாவும் அது தான்னு நினைக்கறேன், கோவில்ல எப்பவும் வெளிய நின்னு போன் பார்க்கறார்"னு சொன்னா. அவர் மறுக்கல.

பெரியவன் செகண்டரி போனதும் பாடம் சீரியஸ் ஆகுது, அங்க தான் எனக்கு வயித்தை கலக்கின விஷயமும் நடந்துச்சு. இயர் 8ல (12-13 வயசு) இந்து மதம் யூனிட், அதுல சாதி. ஒரு பிரமிடு படம், மேல பிராமணர், அப்புறம் கீழ கீழன்னு நாலு அடுக்கு, எல்லாத்துக்கும் வெளிய தலித்னு ஒரு கட்டம். பக்கத்துல இருந்த பையன், கெட்ட எண்ணமே இல்லாம, "இதுல நீ எந்த லெவல்?"னு கேட்டிருக்கான். இவனுக்கு தெரியாது, நாங்க சொல்லி வளர்க்கல. சாயங்காலம் வந்து ஷூ கூட கழட்டாம "அம்மா நாம எந்த லெவல்"னு நிக்கறான். என்ன சொல்வீங்க நீங்க? லெவல்னு எதுவும் இல்லன்னு சொன்னா அது பொய், அந்த பொய்யை சொல்ற வசதி நம்ம ஊர்ல எல்லாருக்கும் இல்ல. சொன்னோம், உக்காந்து முழுசா சொன்னோம், யார் யாரை எதுக்கு வெளிய நிக்க வெச்சாங்கன்னு.

இங்க நம்ம சங்கங்கள்ல சில பேர் சாதியை பாடத்துல இருந்தே எடுக்கணும்னு பேசறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லவே இல்ல. எடுக்கக்கூடாது, ஆனா அந்த பிரமிடு மட்டும் போட்டா அது ஏதோ பழங்கால எகிப்து மாதிரி ஆகுது, இல்லன்னா கிளாஸ்ல இருக்கற ஒரே இந்திய பையன் பதில் சொல்ல வேண்டிய விஷயமா ஆகுது. டீச்சருக்கு ஒரு மெயில் போட்டேன், திட்டி இல்ல, அம்பேத்கர் எங்கன்னு கேட்டு. இதே லண்டன்ல எல்.எஸ்.இ.ல (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) படிச்சவர், கிரேஸ் இன்ங்கற வக்கீல் சங்கத்துல பாரிஸ்டர் ஆனவர், 1921-22ல பிரிம்ரோஸ் ஹில் பக்கம் கிங் ஹென்றிஸ் ரோடு 10ம் நம்பர் வீட்ல தங்கியிருந்தார், அந்த வீட்டை மகாராஷ்டிரா அரசாங்கம் 2015ல வாங்கி நினைவு இல்லமா வெச்சிருக்கு, 1956 அக்டோபர் 14 நாக்பூர்ல லட்சக்கணக்கான பேரோட புத்த மதத்துக்கு போனார். அதாவது புத்த மத யூனிட்டையும் இந்து மத யூனிட்டையும் ஒரே ஆள் கட்டி நிறுத்தறார், ரெண்டையும் தனித்தனி டப்பால அடைச்சு நடத்தினா அவர் எதுலயும் வரமாட்டார். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, நல்ல பதில், அடுத்த வருஷ செட்டுக்கு ஒரு முழு பாடமே சேர்த்திருக்கோம்னு அப்புறமா சொன்னாங்க. நம்ம ஊர்ல டீச்சருக்கு இப்படி எழுதினா என்ன ஆகும்னு நினைச்சுக்கிட்டேன், விடுங்க.

ஜி.சி.எஸ்.இ. (16 வயசுல எழுதற பொதுத் தேர்வு) பத்தி சுருக்கமா. சில ஸ்கூல்ல ரிலிஜியஸ் ஸ்டடீஸ் பரீட்சை எல்லாருக்கும் கட்டாயம், சில ஸ்கூல்ல ஆப்ஷன், சட்டப்படி அந்த வயசுலயும் ஏதாவது ஒரு வடிவத்துல ஆர்.ஈ. நடத்தணும் ஆனா டைம்டேபிள்ல தேடினாலும் கிடைக்காத ஸ்கூல்களும் இருக்கு. 2016ல ஆரம்பிச்ச புது சிலபஸ்படி ரெண்டு மதம் படிக்கணும், பெரும்பாலும் கிறிஸ்தவமும் இஸ்லாமும் தான் எடுக்கறாங்க, இந்து மதத்துக்கும் பேப்பர் இருக்கு ஆனா நடத்தற ஸ்கூல் கம்மி. பையன் இஸ்லாம் எடுத்து படிக்கறான்னு அத்தைகிட்ட சொன்னப்போ போன்ல ஒரு நிமிஷம் சத்தமே வரல, அப்புறம் "மார்க் வருமா"ன்னு கேட்டாங்க. வரும் அத்தை, ஆனா ஈஸி இல்ல. 12 மார்க் கேள்வி ஒண்ணு வருது, ஒரு வாக்கியத்தை குடுத்துடுவான், போர் எப்பவுமே தப்புங்கற மாதிரி, அதுக்கு ஆதரவாவும் எழுதணும், எதிராவும் எழுதணும், மத நூல்ல இருந்து ஆதாரம் காட்டணும், கடைசில தன்னோட முடிவை காரணத்தோட சொல்லணும். நமக்கு படிச்சதை அப்படியே எழுதி பழக்கம், இவன் டைனிங் டேபிள்ல எங்க ரெண்டு பேரையும் எதிர் எதிர் கட்சியா உக்கார வெச்சு பிராக்டீஸ் பண்றான்.

சர்ச் ஸ்கூல் பத்தி கேட்கறவங்களுக்கு: கத்தோலிக்க ஸ்கூல்னா கதையே வேற, அங்க அவங்க மதத்தை அவங்க நம்பிக்கையாவே சொல்லிக்குடுப்பாங்க, வார டைம்டேபிள்ல பத்து சதவீதம் ஆர்.ஈ.க்கு, சொல்லிட்டு தான் செய்யறாங்க, ஒளிவு மறைவு இல்ல. நாகர்கோவில் பக்கம் இருந்து வந்த என் ஃப்ரெண்ட் ஃபேமிலிக்கு அது வரம். சீட்டுக்கு ஆள் அதிகமா இருந்தா சர்ச் போறவங்களுக்கு முன்னுரிமை உண்டு, ஃபாதர் கையெழுத்து போட்ட ஃபார்ம் கேட்பாங்க, அதுக்காகவே திடீர்னு பக்திமான் ஆகற வெள்ளைக்கார குடும்பங்களையும் பார்த்திருக்கேன்.

பிடிக்கலன்னா விலக்கிக்கலாம். பெத்தவங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும், காரணம் கூட சொல்ல வேண்டாம், முழு ஆர்.ஈ.ல இருந்தோ ஒரு பகுதில இருந்தோ புள்ளையை எடுத்துடலாம், அந்த நேரம் லைப்ரரில உக்கார வைப்பாங்க. (இது இங்கிலாந்துக்கு, வேல்ஸ்ல 2022ல இருந்து வர்ற புது கரிக்குலத்துல அந்த உரிமை கிடையாது.) உரிமை இருக்கறது நல்லது தான். ஆனா எங்க தெரிஞ்ச ஒரு குடும்பம் மசூதி டிரிப்புக்கு மட்டும் புள்ளையை நிறுத்திட்டாங்க, அடுத்த வாரம் கோவில் டிரிப்புக்கு முதல் ஆளா அனுப்பினாங்க. நம்ம கோவிலுக்கு அத்தனை முஸ்லிம் வீட்டு புள்ளைங்க ஷூ கழட்டிட்டு வந்தப்போ நமக்கு இனிச்சுதுல்ல, அப்போ எப்படி இது.

ஸ்கூல் தேடறவங்க ஓபன் ஈவினிங்ல ஐபேட் எத்தனை இருக்குன்னு கேட்கறதோட இதையும் கேளுங்க: ஆர்.ஈ.யை கிளாஸ் டீச்சர் எடுக்கறாங்களா, இல்ல அவங்களுக்கு பதிலா கவருக்கு வர்றவங்களா? வருஷத்துல எத்தனை வழிபாட்டு இடத்துக்கு கூட்டிட்டு போறீங்க? சிலபஸ் எந்த கவுன்சிலோடது? கவுன்சில் வெப்சைட்லயே போட்டிருப்பாங்க, பி.டி.எஃப். இறக்கி படிச்சுக்கலாம். டிரிப்புக்கு ஸ்கூல் கேட்கற காசு வாலண்டரி காண்ட்ரிபியூஷன் தான், முடியலன்னா ஆபீஸ்ல சொல்லுங்க, குடுக்கலன்னு புள்ளையை விட்டுட்டு போக மாட்டாங்க. லெட்டர் வந்தா கையெழுத்து போட்டு அனுப்புங்க, அன்னிக்கு மட்டும் ஓட்டை இல்லாத சாக்ஸா பார்த்து போட்டு விடுங்க, கோவில், மசூதி, குருத்வாரா மூணுலயும் ஷூ கழட்டணும்.